ஹெல்மெட் கொக்கி கழலாத அந்த நிமிடம்

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்று வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். வாரத்தில் ஐந்து நாள், விடிகாலையில் 25 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட அரை நிமிடமாவது குறைக்கப் பார்ப்பேன். எடை கூடிவிடக் கூடாது என்று வெறும் வயிற்றில்தான் ஓட்டுவேன். இரவுச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். போன மாதம் ஒரு குழுவோடு 120 கிலோமீட்டர் போகக் கிளம்பினேன். அதற்கு முன் நான் ஓட்டிய அதிகபட்ச தூரம் 60. நான்கு மணி நேரம் தாண்டி, 85-வது கிலோமீட்டரில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கைகால் நடுங்கியது. சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஹெல்மெட் கொக்கியைக் கழற்றக்கூட விரல் வரவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. கூட வந்த பையன்கள், "எல்லாம் மனசுதான் அக்கா, இன்னும் கொஞ்சம் மிதிங்க, தாண்டிடலாம்" என்றார்கள். வீட்டில், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்கிறார்கள். நான்கு மாதத்தில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்ட ஆசைப்படுகிறேன். 85 தான் என் எல்லையா? எப்போது பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்? அன்றிலிருந்து வலது முழங்காலின் முன்பக்கமும் வலிக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஹெல்மெட் கொக்கியைப் பற்றிய வரியைத்தான். விளையாட்டு மருத்துவத்தில் இருக்கும் எனக்கு, "கால் வலித்தது", "மூச்சு வாங்கியது" என்பதையெல்லாம்விட அந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது. கொக்கியைக் கழற்றக் காலில் பலம் வேண்டாம், நுரையீரல் வேண்டாம். இரண்டு விரலும், அவற்றை ஏவுகிற மூளையும் போதும். அன்றைக்கு உங்கள் மூளைக்கே சாப்பாடு போய்ச் சேரவில்லை.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: 85 கிலோமீட்டர் உங்கள் எல்லை இல்லை. உங்கள் எல்லை எங்கே இருக்கிறது என்று அந்தப் பயணத்தை வைத்துச் சொல்லவே முடியாது. காலி வயிற்றோடு கிளம்பி, வழியில் நின்றுபோனீர்கள், அவ்வளவுதான்.

நடந்தது என்னவென்றால், நம் உடம்பு மாவுச்சத்தை கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேர்த்து வைக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், ஈரலில் சுமார் 100 கிராம். உடல்வாகைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். தசையில் இருப்பதை அந்தத் தசையே வைத்துக்கொள்ளும், வேறு யாருக்கும் தராது. ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொண்டு மூளைக்கு அனுப்புவது ஈரலின் வேலை. இரவு நீங்கள் தூங்கும்போதும் அது அந்த வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. விடியும்போது அதன் இருப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும். நீங்களோ இரவிலும் பாதி வயிறு, காலையில் வெறும் வயிறு. போதாக்குறைக்கு, உங்களைவிட வேகமான ஒரு குழுவோடு ஓடினீர்கள். கொழுப்பு உடம்பில் எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்தைத்தான் கேட்கும். நான்கு மணி நேரம் தாங்கியதே பெரிய விஷயம் என்று மனதாரச் சொல்கிறேன்.

நடுக்கம், கண் இருட்டல், காரணமில்லாத அழுகை, சொன்ன பேச்சு கேட்காத விரல் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரை விழுந்ததற்கான அடையாளங்கள். அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவைப்பட்டது இனிப்பாக ஏதாவது ஒன்று, கொஞ்சம் நிழல், இருபது நிமிடம். அதற்கப்புறமும் அன்றைக்குச் சாலையில் மிதிக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். கொக்கியைக் கழற்ற முடியாத விரலால் பிரேக்கைச் சரியான நேரத்தில் பிடிக்கவும் முடியாது.

அந்தப் பையன்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். 'எல்லாம் மனசுதான்' என்பதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. 2009-இல் சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை 90 நிமிடம் கணினி முன் உட்காரவைத்து, மூளையைக் கசக்குகிற ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அப்புறம் நிலையான சைக்கிளில் முடியாமல் போகும்வரை மிதிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள், அதே ஆட்கள் 90 நிமிடம் சும்மா ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கினார்கள். மூளை களைத்த நாளில் 640 விநாடிதான். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்தன. மாறியது ஒன்றே ஒன்று: 'கஷ்டமாக இருக்கிறது' என்ற உணர்வு. ஆக, நாம் எங்கே நிறுத்துகிறோம் என்பதில் மனதுக்குப் பங்கு உண்டு. அலுவலகத்தில் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மாலையில் அதே மேடு இரண்டு மடங்கு உயரமாகத் தெரிவது வெறும் சோம்பல் இல்லை.

ஆனால் மனது எவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறது? இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். பிரிட்டனில் கெவின் தாம்சனின் குழு, பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களைத் திரையில் அவர்களுடைய பழைய ஓட்டத்தோடேயே போட்டி போடவைத்தது. அந்தத் திரை உருவத்தின் வேகத்தை அவர்களுக்குத் தெரியாமல் கூட்டியிருந்தார்கள். வீரர்கள் தங்கள் பழைய நேரத்தை முந்தினார்கள். அதாவது அவர்களிடம் மிச்சம் இருந்தது. ஆனால் சோதனைக்காகக் கூட்டியது 2 சதவீதம் ஆற்றல், தூரம் 4 கிலோமீட்டர். உங்களிடமோ, காலியான உடம்பிலிருந்து இன்னும் 35 கிலோமீட்டரைப் பிழிந்தெடுக்கச் சொன்னார்கள். மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அது சர்க்கரையைத் தயாரிக்காது.

உடம்பின் எச்சரிக்கையை அமுக்கிவிட்டு மிதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 1967 ஜூலை 13 அன்று, டூர் டி பிரான்ஸ் போட்டியில், மோன் வான்து மலை ஏற்றத்தில், கடும் வெயிலில் டாம் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் வீரர் தள்ளாடி விழுந்தார். அவரை மறுபடி சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி விழுந்தார், பிறகு எழவில்லை. வயது 29. அவர் உடம்பில் ஊக்கமருந்தான ஆம்பெட்டமினும் மதுவும் இருந்தன. களைப்பைச் சொல்ல வேண்டிய மணியை மருந்து ஊமையாக்கியிருந்தது. களைப்பு நமக்கு எதிரி என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வரும்.

சரி, எப்போது மிதிப்பது, எப்போது நிறுத்துவது? மனம் சொல்லும் 'முடியவில்லை' வந்து வந்து போகும். 'எதற்கு வந்தோம்', 'வீட்டிலேயே இருந்திருக்கலாம்' என்று பேரம் பேசும். எதிர்காற்று திரும்பினால், பக்கத்தில் பேச ஆள் வந்தால், ஒரு வாய் சாப்பிட்டால் காணாமல் போய்விடும். இதை நம்பி நிறுத்த வேண்டாம். வேகத்தைக் குறைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். உடம்பு சொல்லும் 'முடியவில்லை' பேரம் பேசாது. அது ஒரு திசையிலேயே போகும், நிமிடத்துக்கு நிமிடம் மோசமாகும். வலி ஒரே இடத்தில் ஊசி மாதிரி நிற்கும். நேர்கோட்டில் ஓட்ட வராது. வெயிலில் குளிரும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரமாகும்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் சின்னச் சோதனை ஒன்று இருக்கிறது. நீண்ட பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டை நீங்களே கழற்றுங்கள். கொக்கியைப் பார்க்காமல், ஒரே கையால். அப்புறம் வீட்டில் ஒருவரின் கைபேசி எண்ணைப் பின்னாலிருந்து சொல்லிப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே நான்கைந்து தடவை செய்து, உங்களுக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விரல் தடுமாறினால், எண் குழம்பினால், அங்கேயே உட்காருங்கள், சாப்பிடுங்கள். அரை மணி நேரம் கழித்தும் தடுமாற்றம் போகவில்லையென்றால் அன்றைய பயணம் முடிந்தது. வண்டியை வரச் சொல்லுங்கள். இதில் யாருடைய கருத்தும் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனைக்குக்கூடக் காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. நெஞ்சை அழுத்துவது போலிருந்தால், வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், மிதிக்கும்போதே மயக்கம் வந்தால், இதயம் தாளம் தப்பித் துடித்தால், அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கருப்பு காபி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், அதுவும் அவசரம்தான். வெயிலில் ஒருவர் உளற ஆரம்பித்தால் வெப்ப அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'வியர்க்கிறதே, ஒன்றுமில்லை' என்று நினைப்பது ஆபத்து. உழைப்பால் வரும் வெப்ப அதிர்ச்சியில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் வையுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் கொண்டுபோவது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நிறையக் குடித்தால் நல்லது என்று லிட்டர் லிட்டராக இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு தாழ்ந்திருந்தது. உடம்பு இழந்ததைவிட அதிகமாகக் குடித்ததுதான் முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

இனி உங்கள் தினசரி ஓட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து நாளும் பந்தயம். அரை நிமிடம் குறைந்தால் சந்தோஷம், கூடினால் அன்று முழுக்க முகம் வாடும், இல்லையா? உங்கள் ஓட்டம் நிதானம் என்று சொல்லுமளவு மெதுவாகவும் இல்லை, முழு மூச்சு என்று சொல்லுமளவு வேகமாகவும் இல்லை. நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. களைப்பு மட்டும் தினம் சேர்கிறது. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உலகத் தரத்து வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தார். படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள் என்று யாரை எடுத்தாலும் பத்தில் எட்டு நாள் அளவுக்கு நிதானமாகத்தான் உழைத்தார்கள். உலகச் சாம்பியன்களே அப்படி ஓட்டும்போது நாம் தினமும் மூச்சிரைக்க வேண்டிய அவசியம் என்ன?

வயதைப் பற்றி வீட்டில் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். பிரான்சில் ராபர்ட் மார்ஷான் என்று ஒருவர் இருந்தார். 2012-இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டினார். 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். இடையில் வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டினார். அதில் 80 சதவீதம் சுலபமான வேகம், 20 சதவீதம் மட்டும் கடினம். அவர் உடம்பு உச்சகட்டத்தில் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35-ஆக உயர்ந்தது. நூறைத் தாண்டிய உடம்பே இப்படிப் பதில் சொல்கிறது. 44 எந்த வகையிலும் தடை இல்லை.

ஆக, ஐந்து நாளில் மூன்று நாள் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில் போங்கள். மேடு வந்தால் சின்ன கியர் போட்டு ஏறுங்கள். மெதுவாகப் போவதாக வெட்கமாக இருக்கும், முதல் இரண்டு வாரம் அப்படித்தான். நேரம் காட்டும் செயலியை அந்த நாட்களில் பையில் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு நாள் ஆசை தீர அழுத்துங்கள்: நான்கு நிமிடம் கடினம், நான்கு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு தடவை. மிச்சமிருக்கும் ஒரு நாள் தூரத்துக்கு.

முழங்காலை மறக்கவில்லை. முன்பக்க வலிக்கு முதலில் நான் சந்தேகப்படுவது சீட்டின் உயரத்தை. தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அதிகமாக மடங்கி, சில்லு அழுந்தும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். வெறும் குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள். அடியில் வரும்போது கால் அப்போதுதான் நேராக வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்புறம் வழக்கம்போலப் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். சீட்டைச் சட்டென்று தூக்கிவிடாமல், ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் மாற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். பெரிய கியரில் கனமாக மிதிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் லேசாகச் சுற்றுங்கள். மூன்று வாரத்தில் வலி தணியவில்லையென்றால், அல்லது முழங்கால் வீங்கினால், நேரில் காட்டுங்கள்.

இன்னொரு காரணம் தூரம். 60-லிருந்து ஒரே தாவலில் 120-க்குக் கிளம்பினீர்கள். இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 38 வயதில், மூச்சு நன்றாகப் பழகிவிட்டது என்ற தைரியத்தில், மூன்றே வாரத்தில் மலை ஏற்றத்தை இரண்டு மடங்காக்கினேன். நெஞ்சு சொன்னது, 'இன்னும் போகலாம்.' முழங்காலுக்குக் கீழே இருந்த தசைநார் ஒரு காலையில் மாடிப்படி இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. நான்கு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நான்கு மாதம் உங்களுக்கு வரக் கூடாது.

உங்கள் 200-க்கு வருவோம். பிரெவேயில் 200 கிலோமீட்டரை முடிக்க 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், எல்லா நிறுத்தமும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் கீழே வரும். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் ஓட்டினாலே பத்து மணி நேரத்தில் முடித்துவிடலாம், சாப்பிட, ஓய்வெடுக்க, பஞ்சர் ஒட்ட மூன்றரை மணி நேரம் கையில் இருக்கும். இதில் வேகமானவர்களுக்குப் பரிசு இல்லை. 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் வரை இந்த வகைப் பயணங்களின் குணமே அதுதான், நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். அந்தக் குழுவின் வேகம் உங்களுடையது இல்லையென்றால் அவர்களைப் போகவிடுங்கள்.

வாரத்து நீண்ட ஓட்டத்தை 60-இல் மறுபடி ஆரம்பியுங்கள். அடுத்த வாரம் 70, அதற்கடுத்து 80, நான்காவது வாரம் 50-க்கு இறங்குங்கள். இப்படி மூன்று வாரம் ஏறி ஒரு வாரம் இறங்கினால், மூன்றாவது மாத முடிவில் 130, 140-ஐத் தொட்டிருப்பீர்கள். ஒருமுறை 150 ஓட்டிவிட்டால் 200-க்கு அது போதும். கடைசி இரண்டு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் காய்ச்சலோ வேறு வேலையோ வந்தால், விட்ட வாரத்தைப் பிடிக்க அடுத்த வாரத்தில் இரட்டிப்பாக்க வேண்டாம்.

சாப்பாட்டில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் எந்த நாளிலும் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சைக்கிளில் ஏறி அரை மணி நேரத்தில் முதல் கடி. அதன்பின் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும், கைபேசியில் அரை மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். ஓட்டிக்கொண்டே ஜீரணிப்பதற்கும் வயிற்றைப் பழக்க வேண்டும், பயிற்சி நாட்களிலேயே பழக்குங்கள்.

கடைசியாக, கொஞ்சம் தனிப்பட்டதாகக் கேட்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? 44 வயதில் தள்ளிப்போனால் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். ஆனால் உழைக்கும் அளவுக்குச் சாப்பிடாத உடம்பும் அதே மாதிரிதான் சுருக்கிக்கொள்ளும். முதலில் மாதவிடாய், அப்புறம் எலும்பின் பலம், தூக்கம், மனநிலை என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலிருந்து இதற்கென்றே தனியாக எச்சரிக்கை செய்து வருகிறது. மெலிந்தவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் தரைதட்டிக் கிடக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன், 'என்னவோ கால் கனக்கிறது டாக்டர்' என்றுதான் வருவார்கள்.

அதனால் இந்த வாரம் தூரத்தைக் கூட்ட வேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தமும் ஒரு இசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். இரண்டு வாரம் சீட்டைச் சரிசெய்து மெதுவாக ஓட்டிவிட்டு, பரிசோதனை முடிவுகளோடும் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதோடும் எனக்கு எழுதுங்கள். 60 கிலோமீட்டர் எந்த வாரம் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.